நாடகக் கலைஞர்களை ஒரு குடும்பமாக்கிய தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள்

ஆடல்வல்லானாகிய நடராசப் பெருமானைக் கூத்தன் என்றே நம் முன்னோர் அழைத்தனர். இறைவனே கூத்தன் ஆனதால் கூத்தும் வழிபாடாயிற்று. தேர்த் திருவிழா முடிந்த இரவில் கோயில் முன்றலில் கூத்தும் நாடகமும் நடப்பது தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் தொன்றுதொட்டு வந்த வழக்கம். ஆயினும் இறைவனுக்குப் பெருமையாக இருந்த அதே சொல், மனிதர்க்கு நெடுங்காலம் இழிசொல்லாகவே இருந்தது. கூத்தாடி என்றால் குடியிருக்க வீடு கொடுக்கத் தயங்கினர். பெண் கொடுக்க மறுத்தனர். இரவில் முருகனாக வந்தவரைக் கைகூப்பி வணங்கியவர்களே விடிந்ததும் அவரைத் திண்ணையில் அமரவிடாத காலமும் இருந்தது.

அந்த இழிவைத் துடைத்து, ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த நாடகக் கலைஞர்களை ஒரே குருவின் பிள்ளைகளாக ஒன்றுசேர்த்த பெருந்தகை தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் ஆவார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் அவரது வாழ்க்கை வரலாறு, கோயிலையும் கலையையும் நேசிக்கும் அன்பர்கள் அனைவரும் அறிய வேண்டிய ஒன்றாகும்.

பிறப்பும் கல்வியும்

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் திகதி, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரன் இராமாயணத்தில் மிகுந்த புலமை உடையவர். அதனால் இளமையிலேயே கம்பநாடனின் கவிச்சுவை மகனின் செவிகளில் ஏறியது.

தந்தையிடம் கற்றது போதாதென்று, முருகனடியாரும் பெரும் புலவருமாகிய பழனி தண்டபாணி சுவாமிகளிடம் மாணவராகச் சேர்ந்து தமிழ் பயின்றார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் இவருடன் அங்கு பயின்றவர். பதினாறு வயதளவில் வெண்பாவும் கலித்துறையும் தடையின்றிப் பாடும் ஆற்றல் இவருக்கு வாய்த்தது. ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்குத் தமிழ் உதவவில்லை. தூத்துக்குடியில் உப்பளம் ஒன்றில் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தார். பகலெல்லாம் மூட்டைக் கணக்கு எழுதினாலும் உள்ளம் பாட்டிலும் கூத்திலுமே நின்றது. தமது 24ஆவது வயதில் அவ்வேலையை உதறிவிட்டு நாடக உலகிற்குள் அடியெடுத்து வைத்தார்.

அன்றைய நாடக உலகம்

சுவாமிகள் வந்து சேர்ந்தபோது தமிழ் நாடக மேடை ஒழுங்கின்றிக் கிடந்தது. பெரும்பாலான நாடகங்களுக்கு எழுதப்பட்ட உரையாடல் கிடையாது. பாட்டு மட்டுமே பாடமாக இருக்கும். இடையில் பேசுவதை நடிகர்கள் தத்தம் மனம் போனபடி பேசுவர். ஒருவரை ஒருவர் மேடையிலேயே மடக்குவதும், கதைக்குத் தொடர்பில்லாத வசைகளைக் கொட்டுவதும் சாதாரணமாக நடந்தன. ஒரு குழுவில் கற்ற பாடம் மற்றொரு குழுவில் செல்லாது. குழு கலைந்தால் நடிகனின் பிழைப்பும் கலைந்துவிடும். முதலாளி ஓரூரில் கைவிட்டுச் சென்றால், வேடப் பெட்டியை அடகு வைத்து ஊர் திரும்பும் நிலைதான்.

இந்நிலையில் சுவாமிகள் முதலில் இராமுடு ஐயர், கலியாணராமையர் ஆகியோரின் குழுவில் நடிகராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். பின்னர் சாமி நாயுடு குழுவிலும் பணிபுரிந்தார். ஆஜானுபாகுவான தோற்றமும் இடிபோன்ற குரலும் வாய்த்தவராதலால் இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் முதலிய வேடங்களே இவருக்குக் கிடைத்தன.

வேடத்தைத் துறந்த நாள்

நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரன் வேடமிட்டு இரவு முழுவதும் நடித்த சுவாமிகள், விடியற்காலையில் வேடத்தைக் களைவதற்காக நீர்நிலைக்குச் சென்றாராம். மங்கிய வெளிச்சத்தில் அவ்வுருவத்தைக் கண்ட பெண்ணொருத்தி அச்சத்தால் உயிர்விட்டாள் என்று சொல்வர். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாசக்கயிற்றுடன் பாய்ந்து வந்ததைக் கண்டு, சபையிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்றும் கூறுவர். தம்முடைய கலை பிறர் உயிருக்குத் தீங்காகிவிட்டதே என்று சுவாமிகள் உள்ளம் நொந்தார். அதன்பின் வேடம் கட்டுவதையே விட்டொழித்தார் என்பது வரலாறு.

மற்றொரு நடிகருக்கு இத்தகைய நிகழ்ச்சி விளம்பரமாகியிருக்கும். சுவாமிகளுக்கோ அது துறவுக்கு வழியாயிற்று. காவி உடுத்து, திருநீறும் உருத்திராக்கமும் அணிந்து, முருகன் தலங்களையும் சிவத்தலங்களையும் நாடி யாத்திரை புறப்பட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சங்கரன் என்ற பெயர் மறைந்து சங்கரதாஸ் சுவாமிகள் என்ற பெயர் நிலைத்தது இவ்வாறே.

புதுக்கோட்டையில் கிடைத்த புதுவாழ்வு

யாத்திரையில் புதுக்கோட்டையை அடைந்த சுவாமிகளை மான்பூண்டியா பிள்ளை தம் இல்லத்தில் வைத்து ஆதரித்தார். கஞ்சிராவைக் கருநாடக இசை மேடைக்குக் கொண்டுவந்த லயமேதை அவர். சுவாமிகளைத் தம் மகன் போலவே ஏற்றுக்கொண்டு தாள நுட்பங்களையெல்லாம் கற்பித்தார். சுவாமிகளின் சந்தப் பாடல்களில் தாளக்கட்டு ஓரிடத்தும் தவறாமல் நிற்பதற்கு இந்தப் பயிற்சியே காரணம்.

இவ்வளவு தமிழும் தாளமும் கைவந்த ஒருவர் ஒதுங்கி வாழ்வதால் எவருக்கும் பயனில்லை என்று உணர்ந்த மான்பூண்டியா பிள்ளை, மீண்டும் நாடகப் பணிக்குச் செல்லுமாறு அவரைத் தூண்டினார். சுவாமிகளும் இணங்கினார். ஆனால் இம்முறை ஆசிரியராக மட்டுமே திரும்பினார். வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர் ஆகியோரின் குழுக்களுக்கு நாடகங்கள் எழுதிக் கொடுத்துப் பயிற்சியும் அளித்தார். பிறகு சமரச சன்மார்க்க நாடக சபை என்னும் குழுவைத் தாமே அமைத்து நடத்தினார். பிற்காலத்தில் இசையால் தமிழுலகைக் கட்டிப்போட்ட எஸ்.ஜி. கிட்டப்பா சிறுவயதில் சுவாமிகளிடம் பயின்றவரே.

எல்லோருக்கும் பொதுவான பாடம்

சுவாமிகள் எழுதிய நாடகங்கள் நாற்பதுக்கும் மேற்பட்டவை. வள்ளித் திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், பிரகலாதன், அல்லி அர்ச்சுனா, சதி சுலோசனா, அபிமன்யு சுந்தரி முதலியன அவற்றுள் புகழ்பெற்றவை. கிறிஸ்தவ மக்கள் போற்றும் ஞானசௌந்தரி கதையையும் நாடகமாக்கினார். ஆங்கில மகாகவி ஷேக்ஸ்பியரின் சிம்பலைன் நாடகத்தையும் தமிழில் தந்தார்.

எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் அமைப்பே பெரிது. பாட்டுக்குப் பாட்டும், உரையாடலுக்கு உரையாடலும் எழுதி, எவர் எப்போது வரவேண்டும், என்ன பேசவேண்டும், எந்த மெட்டில் பாடவேண்டும் என்று வரையறுத்தார். மக்கள் முன்பே அறிந்த புராணக் கதைகளையும் கர்ண பரம்பரைக் கதைகளையுமே எடுத்துக்கொண்டார். தேவாரம், திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துகளை எளிய நடையில் அவற்றில் சேர்த்தார். எழுத்தறியாத உழவனும் நீதியைப் புரிந்துகொண்டான். கற்றவரும் தமிழைச் சுவைத்தனர்.

இந்நாடகங்கள் ஒரு குழுவுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை. சுவாமிகளிடம் நேரில் கற்றவர்கள் பிற குழுக்களுக்குச் சென்றபோது பாடமும் கூடவே சென்றது. சிறு நூல்களாக அச்சாகியும் பரவியது. நாளடைவில் வள்ளித் திருமணம் என்றால் தமிழகத்தின் எந்த மூலையிலும் ஒரே கதையோட்டம், ஒரே பாட்டு வரிசை என்ற நிலை உண்டாயிற்று. ஒரு கலைஞன் எங்கு சென்றாலும் செல்லுபடியாகும் நாணயத்தைச் சுவாமிகள் அவன் கையில் கொடுத்துவிட்டார்.

சிறுவர்களின் குருகுலம்

வளர்ந்த நடிகர்களிடம் ஒழுங்கைக் கொண்டுவருவது எளிதாக இருக்கவில்லை. நேரத்திற்கு வராமை, குடிப்பழக்கம், மேடைப் போட்டி ஆகியன நாடகத்தைக் கெடுத்தன. ஆகவே சிறுவர்களைச் சேர்த்துத் தொடக்கம் முதலே பயிற்றுவிக்க வேண்டும் என்ற முடிவுக்குச் சுவாமிகள் வந்தார். பாலர் நாடகக் குழுக்களின் முன்னோடி ஆசிரியராக அவர் விளங்கினார்.

1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றியது. பெண்வேடமிட்டு நடித்த கண்ணுசாமிப் பிள்ளை என்னும் நடிகரின் பிள்ளைகள் அதில் சேர்ந்தனர். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பெயர்பெற்ற சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோரே அவர்கள். சேர்ந்தபோது சண்முகத்துக்கு வயது ஆறு. அச்சிறுவனுக்காகவே அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் சுவாமிகள். எழுதியதில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று அவரை அறிந்தவர்கள் வியந்தனர்.

பல ஊர்களிலிருந்து வந்த சிறுவர்கள் ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்டு, ஒன்றாகப் பாடம் படித்தனர். வீட்டை விட்டு வந்த குழந்தைகளுக்கு அது எளிய வாழ்க்கை அன்று. தவறு செய்தால் சுவாமிகளின் கோபம் கடுமையாக இருக்கும். பிழையாகப் பாடியவன் அடியும் வாங்குவான். ஆனால் கோபம் தணிந்தபின் அப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே அணைத்துக்கொள்வார். கதாநாயகனாக நடிக்கும் பையன் முதல் தோழி வேடமிடும் பையன் வரை எல்லோரும் மற்றவர் பாடத்தையும் அறிந்திருந்தனர். ஒருவன் நோயுற்றால் மற்றொருவன் அவ்விடத்தை நிரப்பினான். தன் வேடத்தை மட்டும் பார்க்காமல் நாடகம் முழுவதையும் தாங்கவேண்டும் என்ற பண்பு அங்கேதான் விதைக்கப்பட்டது.

இந்தப் பாலர் குழுக்களின் மரபிலிருந்தே தமிழ்த் திரையுலகின் முன்னோடிகள் பலர் வந்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் வளர்ந்தவர். புசல்லாவைக்கு அயலில் உள்ள நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர். அவர்களும் வறுமை காரணமாகச் சிறுவயதிலேயே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து மேடையேறியவரே.

பேச்சிழந்த நாட்கள்

பிறருக்குப் பேச்சைக் கொடுத்த அந்தப் பெருமகனைப் பக்கவாத நோய் தாக்கியது. கையும் காலும் செயலிழந்தன, நாவும் எழவில்லை. நாளொன்றில் நாடகம் எழுதிய கை அசையாமற் கிடந்தது. சபையைக் கிடுகிடுக்கச் செய்த குரல் அடங்கிவிட்டது. சொந்த வீடோ, மனைவி மக்களோ இல்லாத அவருக்கு நாடகக் குழுவே குடும்பம். குழு முகாமிட்ட ஊர்களுக்கெல்லாம் அவரும் உடன் சென்றார்.

1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் திகதி, புதுச்சேரியில் குழு தங்கியிருந்த வேளையில் சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவரது சமாதி உள்ளது. ஆண்டுதோறும் அவரது நினைவு நாளில் கலைஞர்கள் அங்கு கூடி அஞ்சலி செலுத்தி வருகின்றனர்.

முகமறியாதவர்களின் நாடகம்

சுவாமிகள் ஊன்றிய வித்து அவர் மறைந்த பின்னரே மரமாகியது. டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தக் குழு அமைத்து, கால் நூற்றாண்டுக் காலம் அதைக் கட்டிக்காத்தனர். சண்முகம் அவர்கள் தம் குருவின் வரலாற்றை நூலாக எழுதி உலகறியச் செய்தார். மறுபுறம், திரைப்படம் வந்ததும் பெரிய நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. அக்குழுக்களை நம்பியிருந்த கலைஞர்கள் பட்டினியில் வீழாமல் காத்தது ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையாகும்.

ஸ்பெஷல் நாடகத்தில் நிலையான குழு என்று எதுவும் கிடையாது. திருவிழா நடத்தும் ஊரார், ராஜபார்ட் நடிகரை ஓரூரிலிருந்தும், ஸ்திரீபார்ட் நடிகையை வேறோரூரிலிருந்தும், பபூனை மற்றோர் ஊரிலிருந்தும் தனித்தனியாக அழைப்பர். ஆர்மோனிய வித்துவானும் மிருதங்கக்காரரும் அவ்வாறே வருவர். ஒத்திகை நடப்பதில்லை. சிலர் ஒருவரையொருவர் முன்பின் கண்டதும் இல்லை. இரவு பத்து மணியளவில் கொட்டகையில் சந்தித்து, முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடையேறினால் விடியும்வரை நாடகம் தடையின்றி நடக்கும்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? அனைவரும் கற்றது சுவாமிகளின் பாடம். வள்ளித் திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளி எந்த இடத்தில் பாடி நிறுத்துவாள், நாரதர் எப்போது வருவார், வேடனாக வந்த முருகனோடு தர்க்கம் எங்கே தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆர்மோனியக்காரர் ஒரு சுருதியைத் தொட்டவுடன் அடுத்த பாட்டு எதுவென்று நடிகர் அறிந்துகொள்வார். தர்க்கத்தில் அவரவர் திறமைக்கேற்பப் புதிதாகப் பேசவும் இடமுண்டு. ஆயினும் கதை வரம்பு மீறாது. ஒருவர் வர இயலாது போனால் அதே பாடம் அறிந்த மற்றொருவரை அழைத்துக்கொள்ளலாம்.

இவ்வாறு தனித்தனியே பிழைக்கும் கலைஞர்கள் தங்களுக்குள் ஓர் ஒழுங்கும் பாதுகாப்பும் வேண்டுமென்று மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்களை அமைத்துக்கொண்டனர். நாடகம் வைக்க விரும்பும் ஊரார் அங்கே சென்று விசாரித்துக் கலைஞர்களை ஒப்பந்தம் செய்வர். அக்கலைஞர்கள் எந்தச் சாதியினரானாலும் சமயத்தினரானாலும் சுவாமிகளையே தம் குருவாக வணங்குகின்றனர். அவருக்குக் குருபூசையும் எடுக்கின்றனர். ஊரார் மதிக்க மறுத்த மனிதர்கள் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொண்டது அந்தக் குருவின் பெயரால்தான்.

கடல் கடந்த உறவு

சுவாமிகளின் நாடகங்கள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடிக்கத் தொடங்கியது 1926இல் கொழும்பு மாநகரில்தான். வெவ்வேறு ஊரில் பிறந்து வெவ்வேறு இடத்தில் பயின்ற அவ்விருவரும் ஒரே மேடையில் முருகனும் வள்ளியுமாகப் பொருந்தி நின்றார்கள் என்றால், அவ்வாறு பொருந்துவதற்குரிய பாடத்தை முன்னரே எழுதிவைத்தவர் சுவாமிகள் ஆவார். யாழ்ப்பாணத்திலும் இந்திய நாடகக் குழுக்களின் வருகையால் இசை நாடக மரபு வேரூன்றியது. நடிகமணி வி.வி. வைரமுத்து போன்ற பெருங் கலைஞர்கள் அம்மரபை வளர்த்தெடுத்தனர்.

வள்ளித் திருமணம் ஈழத்து மக்களுக்கு இரட்டிப்பு உறவுடையது. வள்ளிநாயகியை வேடர் குலத்தில் கண்டு முருகப் பெருமான் மணம் புரிந்த இடம் கதிர்காமமே என்பது இந்நாட்டவரின் நம்பிக்கை. தமிழகத்து மேடையில் தினைப்புனமாகக் காட்டப்படும் காடு, இந்நாட்டு அடியவர்கள் பாதயாத்திரையாக நடந்து செல்லும் காடாகும்.

மலையகத்திற்கு ஒரு பாடம்

கோப்பிக் காலத்திலிருந்து மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து இம்மலைகளுக்கு வந்த மக்கள், கையில் கொண்டுவந்தது கொஞ்சம். நெஞ்சில் கொண்டுவந்ததோ தெய்வங்களும் கூத்துகளும். மாசி மாதத்தில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகியவை அவ்வாறு வந்தவையே. அவை சுவாமிகள் எழுதியவை அல்ல. ஆனால் அவர் தமிழ் கற்ற அதே மண்ணில் முளைத்தவை. பகலில் கொழுந்து பறித்தும் முள்ளுக் குத்தியும் உழைத்தவர்கள் இரவில் ரதியாகவும் மதனாகவும் நின்றார்கள். கூத்து வாத்தியாரின் பாடம் ஒன்றே ஒரு லயத்து மக்களையும் அடுத்த லயத்து மக்களையும் ஒரு களத்தில் சேர்த்தது.

இன்று ஒரு தோட்டத்தில் ரதி ஆடுபவர் இருக்கிறார். தப்பு அடிப்பவர் வேறொரு தோட்டத்தில் இருக்கிறார். பாட்டறிந்த வாத்தியார் மற்றொரு தோட்டத்தில் முதுமையில் இருக்கிறார். ஒருவரையொருவர் அறியாததால் கூத்து நின்றுபோன இடங்கள் உண்டு. வாத்தியாரின் கொப்பியில் உள்ளதைப் படியெடுத்து எல்லோருக்கும் பொதுவாக்கினால், ஒரு தோட்டத்தின் குறையை மற்றொரு தோட்டம் நிறைவு செய்யும். சங்கரதாஸ் சுவாமிகள் தமது வாழ்நாள் முழுவதும் செய்தது அதுவே. தமக்கெனப் பொருள் சேர்க்காமல், தாம் அறிந்ததை எல்லோரும் அறியச் செய்தார். அவர் எழுதிய பாடத்தால் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிகிறது.

திருவிழா இரவில் அரிதாரம் பூசி வரும் கலைஞரைக் காணும்போது, அவருக்கு ஓர் இருக்கையும் ஒரு கிண்ணம் சூடான தேநீரும் கொடுத்து உபசரிப்பதும் இறைபணியே ஆகும். வள்ளி மணாளனின் திருவருளால் கலைஞர்கள் ஒற்றுமையுடன் வாழவும், நம் கூத்துக் கலைகள் தழைத்தோங்கவும் எல்லாம் வல்ல முருகப் பெருமானின் திருவடிகளைப் பணிவோமாக.